தேசப்பன் வீட்டு ரெக்கார்டு நோட்டு

பொன்னேரி விடுதி,
12-2-1986

அன்புள்ள ஆயாவுக்கு,

குணசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. நீ அனுப்பிய கருவாடு வந்தது. அன்றைக்கு விடுதி முழுக்க ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள் வார்டன் அம்மா.

வருகிற புதன், 19-ஆம் தேதி, எங்களுக்கு உயிரியல் செய்முறைத் தேர்வு. தவளையை அறுத்து நரம்பு காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து கேள்வி கேட்பார். இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை. பல் விளக்கும்போது ஒருத்தி, இறாலுக்கு எத்தனை ஜோடி கால் என்று கேட்டாள். பிறந்தது முதல் இறால் உரித்த எனக்குப் பதில் வரவில்லை. குழாயடியிலேயே அழுதுவிட்டேன்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். பொங்கல் லீவு முடிந்து பஸ்ஸுக்கு ஓடிவந்த அவசரத்தில் ரெக்கார்டு நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். தகரப் பெட்டியில், நீலத் தாவணிக்கு அடியில், காக்கி அட்டை போட்ட இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று என்னுடையது. மற்றது, படம் பார்த்து வரைய நான் வாங்கி வந்த பவுனம்மாளுடையது. ஆமாம், தேசப்பன் தாத்தாவின் பேத்திதான், இந்த விடுதியில் என்னோடுதான் படிக்கிறாள். கோபப்படாதே. லீவில் நாங்கள் சேர்ந்துதான் படித்தோம். பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறை வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதே, அதன் எதிரே உட்கார்ந்து எலும்புப் பெயர்களைச் சொல்லிப் பார்ப்போம். பவுனு குச்சியால் விலாவை எண்ணிவிட்டு, "இன்னாடி இது, கணக்கு ஒதைக்குது. இத்தச் செதுக்குனவன் பரிட்சையில பெயிலு" என்பாள். சிரித்துச் சிரித்துப் படித்ததால் எலும்பு மட்டும் எனக்கு மறக்கவில்லை.

அந்த நோட்டு இல்லாமல் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். செய்முறை போனால் பிளஸ் டூவே போய்விடும். பவுனு பெயிலானால் சூலூர்ப்பேட்டை மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக அவள் நைனா சொல்லியிருக்கிறார். அந்த மாமனுக்கு முப்பத்தெட்டு வயது. மூத்த தாரம் செத்து, இரண்டு பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையல்கார சூசையம்மாள் நம் வீட்டுக்கு வருவாள். இரண்டு நோட்டையும் கொடுத்தனுப்பு ஆயா.

உன் பேத்தி,
குணா


தோணிரேவு,
16-2-86

என் குணாவுக்கு ஆயா லோகநாயகி எழுதுவது. மூன்றாவதோடு நின்ற கை. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்.

உன் நோட்டைப் பையில் சுற்றி சூசையம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே அடையும் இருக்கிறது, நீயே தின்ன வேண்டும், பங்கு வைக்காதே. பெட்டியில் உன் நோட்டு ஒன்றுதான் இருந்தது. மற்றவள் எங்கே போட்டாளோ, அவள் வீட்டில் தேடிக்கொள்ளட்டும். தேசப்பன் வீட்டுச் சங்காத்தம் கூடாது என்று உன் எட்டாவது வயதில் நல்ல தண்ணீர்க் கிணற்றங்கரையில் வைத்துச் சொன்னேன். அன்றைக்கு நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

இறால் காலுக்கு அழாதே. இறால் என்ன தன் காலை எண்ணிப் பார்த்துவிட்டா நீந்துகிறது? வயிற்றைக் காயப் போடாதே.

ஆயா


பொன்னேரி,
17-2-1986

அன்புள்ள ஆயா,

ஒரு நோட்டுதான் வந்தது. இன்னொரு முறை தேடு. இரண்டையும் நானே என் கையால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். புதிதாக எழுதலாம் என்றால் நாற்பது படங்களும் ஒவ்வொன்றுக்கும் டீச்சர் கையெழுத்தும் ஒரு நாளில் ஆகிற காரியமில்லை. பவுனு காலையிலிருந்து பாடப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கேள்வி கேட்டால் பதிலை மட்டும் சரியாகச் சொல்கிறாள். அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

வார்டன் அம்மாவிடம் கெஞ்சி நாளைக்கு அவளே வருகிறாள். இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுக்கிறேன். பழைய சண்டை என்ன என்று நீ சொன்னதில்லை, எனக்கும் தெரியாது. அவளை வாசலில் நிற்க வைக்காதே.

குணா


தோணிரேவு,
18-2-86

குணாவுக்கு ஆயாவின் ஆசீர்வாதம்.

வந்தாள். முப்பத்தொரு வருஷம் கழித்து அந்த வீட்டுக் கால் என் வாசலில் பட்டது. உன் கடிதத்தை நீட்டினாள். படித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஆயா, ஒரு தபா பொட்டியத் தொறந்து பாத்துக்கட்டுமா?"

"என் ஊட்டுப் பொட்டிய நீ இன்னாத்துக்குத் தொறக்கணும்?"

"நாளைக்குப் பரிட்ச ஆயா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? இல்லன்னா இல்லதான். மூணு மணி பஸ்ஸப் புடி, போ."

காலைத் தொடக் குனிந்தாள். நகர்ந்துகொண்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நோட்டு என் அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி. ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை என்று முறை இருக்கிறதல்லவா, அந்த முறையை உன் தாத்தா துளசிங்கம் மீறினார் என்று தேசப்பன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னான். அப்போது ஊருக்குத் தலைவன் அவன்தான். ஊர்க்கட்டுப் போட்டு எங்களைத் தள்ளி வைத்தார்கள். நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சுக் கிடையாது. எங்கள் தோணியையும் கட்டிப்போட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் மூன்று மாதக் கைப்பிள்ளைக்கு ஜன்னி கண்டது. மழையில் கரைவழி முழுகிக் கிடந்தது. பழவேற்காட்டு டாக்டரிடம் போக ஒரு தோணி கேட்டு, பிள்ளையோடு தேசப்பன் வாசலில் நின்றேன். "கட்டுன்னா கட்டுதான், போ" என்றான். பொழுது சாய்வதற்குள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது. அவன் அன்றைக்கு நண்டுக் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். அதுகூட எனக்குத் தெரியும்.

இப்போது அவன் பேத்தி நிற்கட்டும். நீ தைரியமாக எழுது கண்ணு.

ஆயா


பொன்னேரி,
22-2-1986

ஆயாவுக்கு,

தேர்வு முடிந்தது. பவுனு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். டீச்சர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார்கள். "நோட்டு இல்லாம எப்படிம்மா?" என்றுவிட்டார் அந்த வாத்தியார். நான் இருந்த மேஜையிலிருந்து ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். தவளையின் நரம்பைத் துண்டாக வெட்டிவிட்டேன். பிறகு அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை.

மறுநாள் உன் கடிதம் வந்தது. உனக்கு ஒன்று தெரியாது. உன் எழுத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்க பவுனுவுக்குத்தான் வரும். இரண்டு வருஷமாக உன் கடிதங்களை எனக்கு உரக்கப் படிப்பவள் அவள்தான். இதையும் படித்தாள். அரிசிப் பானை வந்த இடத்தில் நான் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. கடைசி வரை படித்து, மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கொயந்தைக்கு இன்னா பேருடி வெச்சிருந்தாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.

நேற்று அவள் நைனா வந்து பெட்டியோடு கூட்டிப்போய்விட்டார். நான் லீவுக்கு வீட்டுக்கு வரப்போவதில்லை. இனிக் கடிதம் போடாதே.

குணசுந்தரி


தோணிரேவு,
16-3-86

குணாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முன்பு போட்ட இரண்டும் திரும்பி வரவில்லை, ஆகையால் உன் கையில்தான் இருக்கும். நாளன்றைக்கு உயிரியல் எழுத்துத் தேர்வு என்று சூசையம்மாள் சொன்னாள். புத்தகத்தின் ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். என்மேல் இருக்கிற கோபத்தைப் பரிட்சைக் காகிதத்தில் காட்டாதே.

நோட்டை எடுத்துக்கொண்டு தேசப்பன் வீட்டுக்குப் போனேன். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாசி முடிவதற்குள் என்று அவசரப்பட்டு, போன ஞாயிறே தாலி ஏறி, பெண் சூலூர்ப்பேட்டைக்குப் போய்விட்டது. பவுனுவின் அம்மா நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? நீயே வெச்சிக்க" என்று என் கையில் திணித்தாள். தேசப்பன் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். துளசிங்கம் பெண்சாதி வந்திருக்கிறேன் என்று காதில் கத்தினேன். "எந்தத் துளசிங்கம்?" என்றான். கேலி இல்லை குணா. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பவுனுவின் விலாசம் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எழுதாவிட்டாலும் அவளுக்கு எழுது. அவள் கேட்டதற்குப் பதில்: சிந்தாமணி. பெண் பிள்ளை. தலை நிறைய முடி. உன் தாத்தா சாகிற வரை அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை, ஊரிலும் ஒருவர் கேட்டதில்லை. கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளிடம்தான் நோட்டு இல்லை என்று சொன்னேன்.

லோகநாயகி