பின்தலையைக் கண்டு சொன்ன என் சாட்சியை வியாழனுக்குள் பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்:
முடிதிருத்தகம் நடத்துபவர் (வயது 76),
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
அரசு வழக்கறிஞர் அவர்கள்,
குற்றவியல் நீதிமன்றம்.

பொருள்: என் வீட்டில் நடந்த கொள்ளை வழக்கில் என்னை உடனே விசாரிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா அவர்களுக்கு,

1. நான்கு மாதத்துக்கு முன் ஒரு பகலில், முகத்தைத் துணியால் மறைத்த ஒருவன் என் வீட்டுக்குள் புகுந்தான். என்னைக் கீழே தள்ளிவிட்டு, பீரோவிலிருந்த நகைகளை எடுத்துச் சென்றான். அவன் குனிந்தபோது பின்தலையைப் பார்த்தேன். உச்சியில் இரண்டு சுழி. இடது காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் முடி முளைக்காத தழும்பு.

2. ஐயா, ஐம்பத்திரண்டு வருடமாகப் பின்தலைகளைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். முகம் மறந்து அசடு வழிந்ததுண்டு, பின்தலை மறந்ததில்லை. சந்தேகத்தில் பிடித்துக் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தவனைப் பின்னாலிருந்து பார்த்ததுமே இவன்தான் என்றேன். காரணத்தையும் சொன்னேன். எழுத்தர் சிரித்துவிட்டு, அடையாளம் காட்டினார் என்று மட்டும் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை முழுதாகக் காதில் வாங்கியவன் பெஞ்சில் இருந்த அவன் ஒருவன்தான்.

3. ஜாமீனில் வந்திருப்பவன் நேற்றுக் காலை என் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்து மொட்டை போடச் சொன்னான். கூட்டாளிகள் இருவர் பெஞ்சில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பயந்து கத்தியை எடுத்தேன். சிரைத்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே, "நல்லா பாத்துக்கங்க பெரியவரே. இந்தத் தழும்ப எங்க பாத்தீங்கன்னு கோர்ட்ல கேப்பாங்க. கடையிலதான் பாத்தாருன்னு சொல்ல இவங்க ரெண்டு பேரும் இருக்காங்க" என்றான்.

4. அன்று வீட்டில் பார்த்ததை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. என் சாட்சியை விட்டால் இந்த வழக்கில் வேறொன்றும் இல்லை என்று தாங்களே சொன்னீர்கள். கிழவன் உளறுகிறான் என்று வழக்கை மூடிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன். அவன் தலையைத் தொட்டது என் தவறுதான். தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

5. ஆகவே, காவல் நிலையத்தில் அன்று நான் சொன்னதை அந்த எழுத்தரை அழைத்துக் கேட்கவும், என்னை நீதிபதி முன் உடனே விசாரிக்கவும், அவன் என் கடைப் பக்கம் வராமல் உத்தரவு வாங்கித் தரவும் பணிந்து கேட்கிறேன். நீதிமன்றத்தில் அவனை முதுகு காட்டி நிற்கச் சொன்னால் போதும், கை நீட்டிக் காட்டிவிடுவேன்.

வியாழக்கிழமை முகச்சவரத்துக்கு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். அதற்குள் தாங்கள் கூப்பிட்டால் சாட்சிக் கூண்டில் நிற்பேன். கூப்பிடாவிட்டால் கையில் கத்தியோடு அவன் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பேன்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: என் கடை

தங்களையே நம்பியிருக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்