நண்டு ஓட்டுப் படலம்

அன்புள்ள கோமளா,

நண்டு ஓட்டிலிருந்து நீ உருவாக்கிய படலத்தைத்தான் கிள்ளானில் டாக்டர் என் கணவரின் காலில் ஒட்டினார். சர்க்கரையால் ஆறாத புண். காலையே எடுக்க வேண்டிவரும் என்று பயந்திருந்தோம். அப்படியிருந்தும், உன் படலம் தோற்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நாம் சேர்ந்து தொடங்கிய ஆய்வு அது. கல்யாணத்துக்காக நான் விட்டேன், நீ விடவில்லை.

புண் ஆறிவிட்டது. நேற்று அவர் பாசாருக்கு நடந்தே போய்க் காய்கறி வாங்கி வந்தார்.

“யாரு கண்டுபிடிச்சாங்களோ, அவங்க நல்லா இருக்கணும் லா,” என்றார்.

“ஆஸ்பத்திரி மருந்துதானே,” என்றேன். அவர் வாயால் உன் பெயரைக் கேட்க எனக்குப் பொறுக்காது.

பிரிக்பீல்ட்ஸில் உன் ஆய்வகத்துக்கு ஆள் தேடுகிறாயாம். அந்த வேலை எனக்கு வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுக்காதே, கூப்பிட்டுக் கேள்வி கேள்.

உன் பழைய கூட்டாளி