செவ்வாய் மாலை பிரிந்த காற்றை ஏட்டில் ஏற்றக் கோரி

அனுப்புநர்
ஃபிதென்சியோ ஹார்கின்,
டூபா ஊதுபவர், நகராட்சி பேண்டு வாத்தியக் குழு,
தற்சமயம்: படுக்கை எண் 12, ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு.

பெறுநர்
இயக்குநர் அம்மையார் அவர்கள்,
பொது மருத்துவமனை,
சான் எலிகியோ, வாஹாக்கா மாநிலம்.

பொருள்: செவ்வாய் மாலை 4.20 மணிக்கு என்னிடமிருந்து வாயு பிரிந்ததைச் செவிலியர் குறிப்பேட்டில் ஏற்றி, எனக்குச் சாப்பாடு போட்டு வீட்டுக்கு அனுப்பக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. திங்கட்கிழமை எனக்குக் குடலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்று பிரிந்தால்தான் குடல் விழித்துக்கொண்டதாக அர்த்தம், அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்றார் டாக்டர் பினேதா. ஒப்புக்கொண்டேன்.

2. மறுநாள் மாலை 4.20-க்கு மேற்படி காற்று பிரிந்தது. முப்பத்தோரு வருடமாக டூபா ஊதிப் பிழைப்பவன் நான். காற்றைப் பற்றிக் கூட்டிக் குறைத்துப் பேச மாட்டேன். கீழ் ஸ்தாயி, நடுங்காத சுரம், நிதானமாக நான்கு எண்ணும் நேரம். மாலைப் பணிச் செவிலியர் ஒப்துலியா வாசலில் நின்று தம் காதாலேயே கேட்டு, "அப்பாடா! சபாஷ், தோன் ஃபிதென்சியோ!" என்று கைதட்டினார். வார்டே கைதட்டியது. எந்தத் திருவிழாவிலும் எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

3. இங்கேதான் வில்லங்கம். தாங்கள் அறிந்ததே: காலைப் பணிக் குறிப்பு நீல மையில், மாலைக்குப் பச்சை, இரவுக்குச் சிவப்பு. காற்று பிரிவதற்குச் சற்று முன்புதான், கையெழுத்துப் போட ஒப்துலியாவின் பச்சைப் பேனாவை வாங்கிய டாக்டர், அதைத் தம் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நீலத்தில் எழுதினால் காலையிலும், சிவப்பில் எழுதினால் இரவிலும் பிரிந்ததாகிவிடும். பாவம் அந்தப் பெண், மூன்று வார்டு அலைந்தும் பச்சை கிடைக்காமல் பணி நேரம் முடிந்தது.

4. அடுத்து வந்த சிவப்புப் பேனாக்காரர், "நான் கேக்கலையே, தோன் ஃபிதென்சியோ. கேக்காததை எப்படி எழுதறது?" என்றார். நியாயம்தான். புதன் காலை டாக்டர் ஏட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "இன்னும் பிரியலை" என்று போய்விட்டார். அன்று மாலை ஒப்துலியா புதுப் பேனாவோடு எழுத உட்கார்ந்ததும் தலைமைச் செவிலியர் கசில்தா தடுத்தார்: "நேத்து நடந்ததை இன்னிக்கு எழுதினா அதுக்குப் பேரு குறிப்பு இல்லம்மா, கதை. எழுதாதது நடக்காதது."

அம்மையீர், நடந்தது.

5. மறுபடி ஒன்று விட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இருந்தது ஒன்று, அதை நேர்மையாகச் செலவழித்துவிட்டேன். உள்ளே ஏதாவது போனால்தான் காற்று வரும். காற்று வந்ததாக எழுதினால்தான் உள்ளே ஏதாவது போகும். ஒப்துலியாவோ மாலை முழுதும் பேனாவும் கையுமாக என் கட்டிலருகே காத்திருக்கிறார். யாராவது உற்றுப் பார்த்தால் எனக்கு வருவதில்லை.

6. சனிக்கிழமை பதினொரு மணிக்கு என் ஒரே மகள் அதெல்ஃபாவுக்குக் கல்யாணம். தாயில்லாப் பெண். நேற்று வந்து, "நீங்க வராம நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேம்பா" என்று அழுதாள். வான்கோழிகளை அறுத்தாயிற்று. கல்யாணம் எதற்காகத் தள்ளிப்போகிறது என்று இருநூறு பேரிடம் அவள் எந்த முகத்தோடு சொல்வாள்? எனக்கும் அழுகை வந்துவிட்டது. அது மட்டும் உடனுக்குடன் ஏறியிருக்கிறது: "மாலை 5.10, நோயாளி அழுதார்."

ஆகவே, செவ்வாய்க் காற்றை நடந்ததாகவே ஏற்று, இன்றே ஒரு கிண்ணம் சோளக்கஞ்சிக்கும், வெள்ளி மாலைக்குள் வீடு திரும்பும் சீட்டுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன். என் மகளின் கையைப் பிடித்து நானே அழைத்துப்போக வேண்டும், அம்மையீர். வேறு ஆசை எனக்கில்லை.

நாள்: 16.05.2019, வியாழன்
இடம்: சான் எலிகியோ

பசியுடனும் பணிவுடனும்,
ஃபிதென்சியோ ஹார்கின்

சாட்சிகள்:
படுக்கை 11, நபோர் லியோன்: என் இரு காதாலும் கேட்டேன்.
படுக்கை 13, இலாரியோ ப்ராவோ: எனக்குக் காது கேட்காது. ஆனாலும் சந்தேகமே இல்லை.