சிவப்புப் பட்டனில் கஸ்தூரியின் குரல்

சனி, 14 ஆகஸ்ட் 2004

புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

முன்பு ஆறாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எங்கம்மா பேசறதுக்கு எவ்ளோ மார்க் போடுவீங்கோ?" அது பரீட்சை இல்லையம்மா என்றேன். இன்று பரீட்சையாக்கி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரியோடு ஒரகடம் சாலையில் புதிதாகத் திறந்த சொற்கூடம் போனேன், ஊர் ஊரின் பேச்சுத்தமிழைக் காட்டும் காட்சிக்கூடம். அவள் பிள்ளைப்பாக்கத்துக்காரி, கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை. கூடத்துக்காரர்கள் முன்பு அவள் ஊருக்கு வந்து அவள் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அதைக் கேட்க லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டி வந்தாள்.

முதல் அறை நன்று. இழுப்பறையைத் திறந்தால் உள்ளே முறம். அதன் பெயர் நாலு ஊர்ப் பேச்சில் கேட்கிறது. அடுத்தது வரைபடம், ஊரின் விளக்கை அமுக்கினால் அந்த ஊர்க் குரல். பிள்ளைப்பாக்கம் விளக்கில் ஒன்றுமில்லை.

கடைசி அறை. 'பிழை தவிர்ப்போம்' என்று பலகை. ஆறு சிவப்புப் பட்டன்கள். ஒன்றை அமுக்கினேன். கஸ்தூரியின் குரல்: "மழ வர்ற மாதிரி கீது, துணிய எட்த்து உள்ள போடு." உடனே ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்கும் ஒலி. பின்னால் நின்ற குடும்பமும் சிரித்தது. "இன்னொருவாட்டி அமுக்குடா."

"வாங்க டீச்சர், பஸ்ஸு பூடும்" என்றாள் கஸ்தூரி. பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினாள். பிறகு: "வியாழக்கெழம கலா க்ளாஸ இங்கதான் இட்டுகினு வர்றாங்கோ."

கலா அவள் மகள். ஏழாவது.

ஞாயிறு

தூக்கம் சரியில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

வகுப்பில் நான் சொல்வது: சாலையில் செருப்புப் போடுகிறோம், வல்லக்கோட்டை சன்னதியில் வெறுங்காலோடு நிற்கிறோம். வெறுங்காலை யாரும் பிழை என்பதில்லை. விண்ணப்பத்துக்கு ஒரு தமிழ், கொடித்துணிக்கு ஒரு தமிழ். இதைப் பத்து வயதுப் பிள்ளைகள் புரிந்துகொண்டன. கூடம் கட்டியவர்களுக்குப் புரியவில்லை. கஸ்தூரி வீடு தேடி வந்து, பேசச் சொல்லி, காப்பி வாங்கிக் குடித்துவிட்டு!

திங்கள்

சொற்கூடப் பொறுப்பாளரைப் பார்த்தேன். மரியாதையான ஆள், அதனால் இன்னும் எரிச்சல்.

"தமாஷுக்குத்தான் டீச்சர். பசங்க அந்தப் பட்டனத்தான் அதிகமா அமுக்கறாங்க."

"சிரிக்கிறது யார்?"

"அது ரெடிமேடா சிடில வந்தது." சற்று யோசித்து, "வேணும்னா அந்தம்மா குரல எடுத்துடறோம், அவ்ளோதானே."

அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

மாலை, ஷிப்ட் முடிந்து வந்தவளிடம் சொன்னேன். "எட்த்துடுவாங்களா? நான் இன்னா திருடிட்டனா? சிரிப்ப எட்க்க சொல்லுங்க. என் கொரலு எங்க ஊரு வெளக்குல இருக்கட்டும்."

எனக்கு இது தோன்றவில்லை.

புதன்

தூறல். கஸ்தூரி கம்பெனி யூனிபார்மோடே என்னுடன் கூடத்துக்கு வந்தாள். குரலை ஊர் விளக்குக்குக் கொண்டுபோக வயரிங் மாற்ற ஒரு வாரம் ஆகும் என்றார் பொறுப்பாளர்.

"சரி சார். நாளைக்கு லீவு போட்டு இந்தப் பட்டனாண்ட நிக்கறேன். அமுக்கறவங்கோ என் மூஞ்சியப் பாத்துகினே சிரிக்கட்டும்."

பொறுப்பாளர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கம். "எங்க பேச்சக் கேட்டாலும் இங்க சிரிக்கத்தான் செய்தாவ, அக்கா" என்றபடி ஏணி போட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஒரு வாரமாம்.

வியாழன்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று.

கலா வந்து சொன்னாள்: "எங்கம்மா வெளக்க நான்தான் மொதல்ல அமுக்குனேன் டீச்சர். மிஸ்ஸு, யாரு இதுன்னாங்கோ. எங்கம்மான்னேன்."

அவளுக்கு முறுக்கு கொடுத்தேன். பிறகு கேட்டேன், கடைசி அறை எப்படி இருந்தது என்று. "செம காமெடி டீச்சர். அஞ்சு பட்டன்" என்றாள்.

ஐந்து. அந்தக் குரல்களுக்கு உரியவர்களும் எங்கோ துணி எடுத்துக்கொண்டிருப்பார்கள், இங்கே சிரிப்பது தெரியாமல். நாளை மறுபடி போகிறேன். பொறுப்பாளர் அசையும்வரை பட்டன்களுக்கு மேலே ஒட்ட, அட்டையில் எழுதியது:

பேசியவர் உங்கள் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள்.