வீட்டில் யாரையாவது கூட்டி வரவும்

8-6-98, திங்கள்
விடாத தூறல். துணி காயவில்லை. இவருடைய பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டுமாம், ஆணி கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புது வேலை. டாக்டரம்மா கம்ப்யூட்டர் அறைக்கே வந்துவிட்டார். புற்றுநோய் என்று பதிவானவர்கள், அடிக்கடி வருகிறவர்கள், எடை இறங்கிக்கொண்டே போகிறவர்கள். மூன்றும் சேர்ந்த ஆட்களைத் தேடி எடுக்க வேண்டும். குணமாக்க அல்ல. வீட்டுக்கே போய் வலிக்கு மருந்து கொடுக்க. "அவங்களா வந்து கேக்க மாட்டாங்க. நாமதான் தேடிப் போகணும்."

சாவுக்கு ஆள் பிடிக்கிற வேலை என்றாள் பக்கத்து சீட் சரளா. சிரித்துத் தொலைத்தேன்.

9-6, செவ்வாய்
இரண்டு தடவை கரண்ட் போனது. மதியத்துக்கு மேல் பெயர்கள் வந்தன. நடுவில் ரங்கசாமி, மில் தொழிலாளி. என் வீட்டுக்காரருடைய அண்ணன். மில் கார்டு நம்பரும் அவருடையதேதான். வயிற்றில் புற்று, பரவிவிட்டது. கீழே குறிப்பு: வீட்டில் யாரையாவது கூட்டி வரச் சொல்லியும் வரவில்லை.

இங்கே நோயாளியிடம் சொல்வதில்லை. கூட வருகிறவரிடம்தான். அப்படியானால் அவருக்கே தெரியாது.

அவர் மனைவியை, அக்காவை, நினைத்து அழுகை. கூடவே, நம் வீட்டில் இல்லை என்று ஒரு நிம்மதி. சீ, என்ன மனசு.

இவரிடம் சொல்லவில்லை. ரசம் சோறு இரண்டு வாய், போதும் என்று எழுந்துவிட்டார்.

10-6, புதன்
வேலை முடிந்து தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் வாழைப்பழம் வாங்கினேன். ஆட்டோ பிடித்து அவர்கள் வீடு. அண்ணன் தண்ணீர் டிரம்மை ஒற்றை ஆளாக நகர்த்திக்கொண்டிருந்தார். கன்னம் பளபளவென்று. களி உருண்டை இரண்டு உள்ளே போனது.

அக்காவைச் சமையற்கட்டில் ஓரங்கட்டினேன். "மாமா ஆஸ்பத்திரிக்குப் போறாருங்களா?"

"இவரா? ஒரு தலைவலி உண்டா இவருக்கு. கார்டு சும்மாத்தான கெடக்குதுன்னு உன் வூட்டுக்காரருதான் கேஸ் ட்ரபிள்னு வாங்கிட்டுப் போனாரு. மில்லுக்காரங்களுக்கு ஃப்ரீ. அண்ணன் தம்பி ரெண்டும் ஒரே மூஞ்சி, யாரு கேக்கப் போறா. உனக்குத் தெரியாதா?"

பழத்தைக் கொடுத்தேனா, கையோடு கொண்டு வந்தேனா, நினைவில்லை.

11-6, வியாழன்
மழை விட்டிருக்கிறது. வேலைக்குப் போகவில்லை. இவர் பாதிக் காபியோடு டம்ளரை வைத்துவிட்டார். வயிறு எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அது கெடக்குது புள்ள. போறப்பெல்லாம் வூட்டுல யாரையாச்சும் கூட்டிட்டு வான்னாங்க. இந்த கேஸ் ட்ரபிளுக்குப் போயி உன் லீவை எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

"இன்னைக்கு லீவுதானுங்க. நான் வர்றேன்."

சட்டை மாட்டப் போயிருக்கிறார். ஆணி எங்கே புள்ள என்று உள்ளேயிருந்து கேட்கிறார்.