இடது பக்கத்து ஸ்பீக்கர்

கருவடிக்குப்பம்,
ஜூன் 18

அன்பு மகள் அஞ்சலிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் உங்கப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று நேற்றுகூடப் போனில் சொன்னாய், ஆனாலும் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. போன் இருக்கக் கடுதாசி எதற்கு என்று சிரிக்காதே. போனில் பேசினால் உங்கப்பா பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார், நான் சொல்லப் போவதோ அவரைப் பற்றி. உன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற துர்கா லீவு முடிந்து லியோனுக்குத் திரும்புகிறாள், வடகத்தோடும் மிளகாய்த் தூளோடும் இதையும் அவள் பையில் வைத்துவிட்டேன்.

மேல் பல்லை எல்லாம் எடுத்துப் பல்செட் கட்டியதிலிருந்து அவர் சாக்ஸபோனைத் தொடவில்லை என்பது உனக்குத் தெரியும். நாலு வரி ஊதுவதற்குள் பல்செட் ஆட ஆரம்பித்துவிடுகிறது. மாதா கோயில் பேண்டு மாஸ்டரிடம் போய், "ஆகஸ்டு தேருக்கு வேற ஆளப் பாத்துக்குங்க, என்னால முடியாது"ன்னு சொல்லிவிட்டு வந்து பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார். அன்றிலிருந்து வீட்டில் எதுவும் சரியில்லை. குழம்பில் உப்பு இல்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, எதிர்வீட்டு நாய் குரைக்கிறது, எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. இப்படியே போனால் அடுத்து என்னைத்தான் பரண்மேல் ஏற்றுவார் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் நீ பழைய சாமான் சந்தையில் வாங்கி அனுப்பிய அந்த இசைத்தட்டு வந்து சேர்ந்தது. நல்லா இருப்படி மகளே. ஜாஸ் என்றால் குடிக்கிற இடத்துப் பாட்டு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். ஆல்டோ சாக்ஸபோன், அவர் வாசிக்கிற, உனக்கும் கற்றுக்கொடுத்த அதே வாத்தியம். அந்த ஆள் கொஞ்சம் வாசிக்கிறான், நிறுத்துகிறான், வெறும் டிரம் மட்டும் லேசாகக் கேட்கிறது, நாம் மறந்துபோகிற நேரத்தில் மறுபடி வருகிறான். உங்கப்பாவுக்கு ஒரே வியப்பு. "பாரு புஷ்பம், எவ்ளோ நேரம் சும்மா இருக்கான், பதறவே மாட்டேங்குறான், இவனும் பல்செட்டு கட்டனவனாத்தான் இருக்கணும்"கிறார். அட்டையில் இரண்டு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்களே, வாசிப்பது ஒருத்தன்தானே என்று நான் கேட்டதற்கு, "இன்னொருத்தன் கம்பெனி மொதலாளி"ன்னு அடித்துச் சொன்னார். எப்படியோ, அந்த முகம் தெரியாத மனுஷன் புண்ணியத்தில் பெட்டி பரணிலிருந்து இறங்கியது. அவன் நிறுத்துகிற இடத்தில் இவரும் நிறுத்துவார், பல்லை அழுத்திக்கொள்வார், மறுபடி ஊதுவார்.

போன வாரம் மைக் செட் தமிழ்மாறன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். தட்டு ஓடுவதை நின்று கேட்டவர், "என்னண்ணே, ஒரு பக்கந்தான் பாடுது"ன்னு சொல்லி பீரோவுக்குப் பின்னால் கையை விட்டால், இடது ஸ்பீக்கர் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது! ஒயரை முறுக்கிச் சேர்த்து மறுபடி போட்டதும், அம்மாடி, அவன் நிறுத்திய இடத்தில் எல்லாம் இடது பக்கத்திலிருந்து இன்னொரு ஆல்டோ பதில் சொல்கிறது. இதுவரை கேட்டவன் குரல் உருக்கின நெய் மாதிரி இருந்தது, இவன் குரல் வறுத்த மிளகாய் நெடி மாதிரி ஏறுகிறது. ஆனால் ஒருத்தன் பேசும்போது மற்றவன் குறுக்கே வருவதே இல்லை, விட்ட இடத்தைத் தொட்டுத்தான் எடுக்கிறான். நம் சொந்தக்காரர்களில் இப்படிப் பேசிக்கொள்கிற இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. கடைசிப் பாட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஊதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம். அவன் சும்மா இருக்கவில்லை, துணைக்கு ஆள் இருந்தது என்று தெரிந்துவிட்டதே, இவர் மறுபடி பெட்டியை மூடிவிடுவாரோ என்று. தட்டு முழுக்க முடிகிற வரை கேட்டார். பிறகு சாப்பிடாமல்கூட வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எங்கே தெரியுமா? பேண்டு மாஸ்டர் வீட்டுக்கு. "தேருக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம், நானும் அஞ்சலியும் மாத்தி மாத்தி ஊதுவோம்"னு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டால் நீ முடியாது என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். கல்லு மாதிரி மனுஷன், உன்னிடம் கேட்க மட்டும் தைரியம் இல்லை.

நீ அங்கே பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டுகிறான் என்று உன் சாக்ஸபோன் பெட்டியையே திறப்பதில்லை என்றாய். ஆகஸ்டு வக்கான்ஸுக்கு லீவு கிடைப்பதும் சந்தேகம் என்றாய். நான் கட்டாயப்படுத்தவில்லை, உன் வேலை உனக்கு முக்கியம். ஆனால் வர முடியுமானாலும் முடியாவிட்டாலும் அவரிடம் நீயே பேசு, என் வழியாகச் சொல்லி அனுப்பாதே. வருவதானால் சாக்ஸபோன் வாயில் மாட்டுகிற ரீடு ஒரு பெட்டி வாங்கி வா, இங்கே கிடைப்பது சரியில்லை என்கிறார். வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியையே கடித்துக்கொண்டு இருக்காதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இதை எழுதும்போது அவர் கூடத்தில் தேர்ப்பாட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். நாலு வரி ஊதிவிட்டு நிறுத்தினார். பல் நழுவிவிட்டதோ என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன், கையைக் காட்டி என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டார். கால் மட்டும் தாளம் தட்டிக்கொண்டே இருக்கிறது. இப்போது வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை, உன் நாலு வரியை நீ வாசித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் அம்மா,
மி. புஷ்பமேரி