ஷட்டருக்கு வெளியே நின்ற மாமாவுக்கு

கோல் விழுந்தால் மட்டும் உள்ளே ஓடிவருகிற என் அன்பு மாமா,

நம் டீம் இந்த வாரமும் தோற்றுவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் போனதிலிருந்து அது ஜெயிக்கவே இல்லை. ஒன்றிரண்டு டிரா, மற்றதெல்லாம் தோல்விதான். டீமின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை ஊரில் நாலு பேர் படிப்பார்கள், அதில் எதிர் டீம்காரன் ஒருவனாவது இருப்பான். அவன் சிரிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது மாமா. நீங்கள் வெளியே போனால் கோல் விழும், அதுதானே நம் கணக்கு? இப்போது ஒரேயடியாக வெளியே போய்விட்டீர்கள். அப்படியென்றால் வண்டி வண்டியாக விழ வேண்டாமா? கணக்கு தப்பா? இல்லை, நீங்கள் வெளியே போகவே இல்லையா? டீக்கடை பாஷாவைக் கேட்டேன். அவன் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்னிய கேட்டா? எனக்கு இன்னா தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் என் செல்போன் ரிப்பேர் கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஃபுட்பால் ஆட்டம் ஆரம்பித்தால் ஷட்டர் பாதி இறங்கிவிடும். உள்ளே நான், பக்கத்து டீக்கடை பாஷா, எலக்ட்ரீஷியன் கொளஞ்சி, அப்புறம் என் அக்கா வீட்டுக்காரரான நீங்கள். வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்து ஜவ்வரிசி ஆலையில் இறக்கிவிட்டு, சட்டையெல்லாம் செம்மண்ணாக வந்து உட்காருவீர்கள். கேபிளில் ஆட்டம் வருகிற சானலுக்கு நான் பணம் கட்டவில்லை. என் போனில் ஓடும் ஆட்டத்தைத்தான் சுவரில் இருக்கும் டிவியில் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சனிக்கிழமை நம் டீம் தோற்றுக்கொண்டிருந்தது. உங்கள் பிக்கப் வண்டி வழியை மறிக்கிறது என்று ஒரு பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். திட்டிக்கொண்டே வண்டியை நகர்த்தப் போனீர்கள், கோல் விழுந்தது. அடுத்த வாரம் ஒன்றுக்குப் போனீர்கள், அப்போதும் விழுந்தது. அதற்கடுத்த வாரமும் நாம் தோற்றுக்கொண்டிருந்தோம். நீங்களாகவே எழுந்தீர்கள்.

"எவனும் பேசாதீங்கடா. நான் வெளிய போறேன். மச்சான், சவுண்டு ஜாஸ்தி வை."

ஷட்டரை அடி வரைக்கும் இறக்கிவிட்டுப் போனீர்கள். அன்றைக்கும் விழுந்தது. அப்புறம் அது சட்டமாகிவிட்டது. விழாத நாட்களும் உண்டு, அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? நாங்கள் கத்தினால் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ரீப்ளே பார்ப்பீர்கள். அந்த டீம் மேல் எங்கள் எல்லாரையும்விட உயிராக இருந்த மனிதர், அது போட்ட கோல்களைக் கடைசியாகப் பார்த்தார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள்.

உங்களுக்கு வந்த கோபமெல்லாம் சின்னச் சின்ன விஷயங்களுக்குத்தான். தோற்றால்கூட கம்மியாகத்தான் பேசுவீர்கள். ஆனால் கார்னரிலிருந்து அடித்த பந்து முதலில் நிற்கிறவன் முழங்காலிலேயே பட்டுத் திரும்பினால் பொறுக்காது. முன்னால் ஆள் காலியாக நிற்கும்போது பந்தைப் பின்னால் கோல்கீப்பருக்குத் தள்ளினால் எழுந்தே நின்றுவிடுவீர்கள். "தேர் இழுக்கறவன் பின்னாடியாடா இழுப்பான்?" ஒன்று பூஜ்யம் என்று சொன்னால், "அவ்ளோதானா? எங்க கிரிக்கெட்ல..." என்று இழுக்கிறவனுக்கு அப்புறம் நம் கடையில் டீ கிடையாது. பெனால்டி அடிக்கப் போகிற நேரம் பார்த்து, போனுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்று ஷட்டரைத் தட்டுகிற வாடிக்கையாளரை நான் எப்படித் திட்டுவது மாமா? என் பிழைப்பே அவர்தானே. நீங்கள்தான் எனக்குப் பதிலாகத் திட்டுவீர்கள்.

மலையில் டவர் கிடைக்காது. மழை நாளில் சுமை ஏற்ற நேரமாகி, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இறங்குவீர்கள். கச்சிராயபாளையம் நெருங்கியதும் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பிக்கும். ஸ்கோரை எவனாவது அனுப்பியிருப்பான் என்று போனை எடுத்துக் கிழங்கு மூட்டைக்கு நடுவில் செருகிவிட்டு வருவீர்கள். அந்த மலைப் பாதை முடிந்து டவர் கிடைக்க ஆரம்பிக்கிற இடத்தில்தான் நெஞ்சு வலித்தது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் வருகிறவனுக்கு வழிவிட்டுத்தான் சாய்ந்திருந்தீர்கள். உங்கள் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். அடித்தது நான்தான்.

இப்போது கார்னர் வீணானால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்றும் தெரியவில்லை. நீங்கள் இருந்தபோது எனக்கும் வந்ததா, இல்லை உங்கள் கோபத்தைத்தான் நான் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேனா?

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

காரியம் முடிந்த பிறகு துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா, போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனாள். "சனிக்கிழம ஆனா ஒன் வூட்டுக்காரரு டெய்லர் தேவகி வாசல்ல நின்னுக்கினு இருப்பாரே. அதுக்குத் தெரியுமா அவரு பூட்டாருன்னு?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தேவகியின் வீடு என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. தனியாக இருக்கிற பெண். வேறென்ன வேண்டும்?

அக்கா என்னிடம் வந்து கேட்டாள். "டேய் கதிரு, உண்மைய சொல்லு. சனிக்கிழம உங்க மாமா எங்க போவாரு?"

"நம்ம கடைக்குத்தான்க்கா. பந்தாட்டம் பாக்க."

"அப்ப தேவகி வாசல்ல நின்னுக்கினு இருந்தது யாரு?"

"அதுவும் மாமாதான். அவரு வெளிய போனா கோல் விழும்க்கா. அதனால வெளிய நிப்பாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை மாமா. "கத வுடுறியா? பந்து பாக்கப் போறவன் எவனாவது வெளிய நிப்பானா? ஒங்க மாமனுக்கு நீயும் வக்காலத்து வாங்கறியா? நான் உங்கூடப் பொறந்தவடா."

நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. பாஷா வந்து சொன்னான், கொளஞ்சி சாமி மேல் சத்தியம் செய்தான். ஆட்கள் சேரச் சேர அவளுக்குச் சந்தேகம்தான் ஜாஸ்தியானது. உங்கள் படத்துக்கு விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டாள். அத்தனை வருஷம் உங்களோடு வாழ்ந்ததையே அவள் திரும்ப எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், அது எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் ஒரு சிரிப்பில் சரிசெய்திருப்பீர்கள். நீங்கள் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

போன சனிக்கிழமை அவளே வந்தாள். "நவுருங்கடா. நானும் பாக்கறேன், அப்பிடி இன்னாதான் இருக்குதுன்னு."

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொளஞ்சி பீடியை அணைத்தான். ரெஃப்ரியைத் திட்டக்கூட முடியாமல் நாங்கள் மூன்று பேரும் கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். அக்கா கேள்வியாகக் கேட்டாள். நம்ம ஆளுங்க யாரு? அவன் மட்டும் ஏன் கையால தொடறான்? இவன் யாரும் இடிக்காமலே ஏன் உருண்டுக்கினு கிடக்கறான்? வேறு யாராவது கேட்டிருந்தால் வெளியே அனுப்பியிருப்போம். கொளஞ்சி பொறுமையாகப் பதில் சொன்னான், பாதி தப்பு.

நாம் ஒரு கோல் பின்தங்கினோம். நம் ஆள் ஒருவன் பந்தை எடுத்தான், முன்னால் வழி திறந்து கிடந்தது, அவன் திரும்பிப் பின்னால் கோல்கீப்பருக்குத் தள்ளினான். அக்கா எழுந்தே நின்றுவிட்டாள்.

"அய்ய, எதுக்குடா பின்னாடி தள்ற?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஷா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். அக்கா என் பக்கம் திரும்பினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அவரு எப்ப வெளிய போவாரு?"

"இந்த மாதிரி நேரத்துலதான்க்கா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். நீங்கள் செய்கிற மாதிரியே ஷட்டரை அடி வரைக்கும் இறக்கிவிடச் சொன்னேன். வெளியே நடந்தது அவள் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேராகத் தேவகி வாசலில் போய் நின்றிருக்கிறாள், சண்டைக்கு நிற்கிற மாதிரி. தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தேவகி வெளியே வந்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கி நீங்களா? அண்ணன் அந்தப் படிக்கட்டாண்டதான் நிப்பாரு. என் வூட்டுக்கு முதுகக் காட்டிக்கினு, கடையவே பாத்துக்கினு. தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட திரும்ப மாட்டாரு. மேல பசங்க கத்தினா மட்டும் ஒரே சிரிப்பு."

மேலே யார் தெரியுமா மாமா? உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. தேவகி வீட்டு மாடியில் பாலிடெக்னிக் படிக்கிற பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களும் நம் டீம்தான். அவர்களிடம் கேபிளில் அந்தச் சானல் வருகிறது. என் போனில் வருகிற படம் கேபிளைவிட அரை நிமிஷமாவது பின்தங்கித்தான் வரும். அங்கே கோல் விழுந்து அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் எங்கள் டிவியில் விழும்.

பசங்க கத்துவார்கள், நீங்கள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பீர்கள், கொஞ்சம் கழித்துக் கடைக்குள் நாங்கள் கத்துவோம், அப்புறம் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி ஓடுவீர்கள் என்று தேவகி செய்தே காட்டினாளாம். ஷட்டரை அடி வரைக்கும் இறக்கியது அதற்குத்தானா? சவுண்டு ஜாஸ்தி வைக்கச் சொன்னது அதற்குத்தானா? மேலே கத்துவது எங்கள் காதில் விழுந்து எங்கள் கோல் கெட்டுவிடக் கூடாது என்றா? அடப்பாவி மாமா! கடைசியாகத் தெரிந்துகொண்டவர் என்று நாங்கள் சிரித்தோமே, எங்கள் எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவர் நீங்கள்தானா? ஒருநாள்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடி அதிர்ந்திருக்கிறது. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஷட்டரையே பார்த்தபடி நின்றாளாம். உள்ளே எங்களுக்கு அப்போதுதான் பந்து இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் நடுவே வந்தது, ஒருவன் தலையால் முட்டினான், கோல்! மேசை மேல் இருந்த ஸ்க்ரூ டப்பா கொட்டும் அளவுக்குக் கத்தினோம். ஷட்டர் தூக்கப்பட்டது. அக்கா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா!"

அதற்குள் டிவியில் ரெஃப்ரி, வீடியோவில் சரிபார்க்கிறவர்கள் சொல்வதைக் கேட்க, காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். உங்களுக்குக் கோல் போட்டவனைவிட அந்த விரல்தான் ஜாஸ்தி ஞாபகம் இருக்கும். படத்தை நிறுத்திக் கோடு போட்டார்கள், பெரிதாக்கினார்கள், இன்னொரு கோடு போட்டார்கள்.

"இன்னாடா கோலம் போட்டுக்கினு இருக்கான்?"

"ஆஃப்சைடான்னு பாக்கறாங்கக்கா. நம்ம ஆளு கால் பெருவிரல் முன்னாடி இருக்குதாம். கோல் இல்லன்னுட்டாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு கோல் மாமா, அவளுக்காக ஒன்று விழக் கூடாதா? ஆனால் அக்கா கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இல்லன்னா போவுது. நான்தான் அதுக்குள்ள சந்தோசப்பட்டுட்டேனே. அத எந்தக் கோடு போட்டு எடுப்பான்?"

அன்றைக்கும் தோற்றோம். அக்கா வீட்டுக்குப் போய் முதல் வேலையாக உங்கள் படத்துக்கு விளக்கு ஏற்றினாள். ஏற்றிவிட்டுத் திட்டினாள். "ஒரு வார்த்த எங்கிட்டயாவது சொல்லித் தொலச்சிருக்கலாம் இல்ல?" அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போதும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. அக்கா வெளியே போனபோது கோல் விழுந்ததா, விழவில்லையா? விழுந்தது, அப்புறம் விழவில்லை. அப்படியென்றால் நம் கணக்கு சரியா, தப்பா? நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா? உள்ளே இருந்திருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்து இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பீர்கள். அதனால் வெளியேதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

மாடிப் பையன்கள் விஷயம் தெரிந்து மேலே வந்து பார்க்கக் கூப்பிட்டார்கள். கொளஞ்சி வேறு, பணம் கட்டி அந்தச் சானலைக் கேபிளில் வாங்கிவிடலாம் என்கிறான், அரை நிமிஷம் மிச்சமாம். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் கடை வைத்திருக்கும் வரைக்கும் சனிக்கிழமை நீங்கள் சொன்னபடிதான் நடக்கும் மாமா. ஷட்டரை அடி வரைக்கும் இறக்குவேன், சவுண்டை ஜாஸ்தி வைப்பேன். முதலில் நீங்கள் கேளுங்கள். அதற்கப்புறம்தான் நாங்கள் கத்துவோம்.

இப்படிக்கு,
உங்களுக்கு அரை நிமிஷம் பின்னால் வருகிற
உங்கள் மச்சான்
கதிர்வேல்